ரன்டைம் போட்ட பொறகும் டிஎல்எல் காணோம்னு எரர் வருதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூர், பல்லடம், சோமனூர், ஈரோடு பக்கம் பனியன் கம்பெனி ஆபீஸ், எம்ப்ராய்டரி யூனிட், நூல் கடை கணக்கு ரூம்னு எங்க போனாலும் யாராச்சும் இந்த எரரைக் காட்டிடறாங்க. ஏதோ ஒரு சாஃப்ட்வேர் போட்டிருப்பாங்க, அது கேட்டுச்சுன்னு ரன்டைமும் (ப்ரோக்ராம் ஓடறதுக்கு வேண்டிய பொது ஃபைலுங்க) போட்டிருப்பாங்க, ஆனாலும் ஏதோ ஒரு டிஎல்எல் (ப்ரோக்ராம் எடுத்துப் பொழங்கற துணை ஃபைல்) காணோம்னு அப்படியே நிக்கும். கேள்விங்க எல்லாம் சுத்திச் சுத்தி ஒன்னுதாங்க, அதனால ஒட்டுக்கா பதில் எழுதிட்டேன். விண்டோஸ் 7, 10, 11 மூணுக்கும் சேத்துத்தான். ஃபைல் பேரு, கமாண்டு எல்லாம் தமிழ் எழுத்துல இருக்கு, ஸ்கிரீன்ல இருக்கறதை எழுத்தெழுத்தா வாய்விட்டுப் படிச்சா ஒத்துப்போகும்.

"எம்எஸ்விசிபி140.டிஎல்எல் காணோம், ப்ரோக்ராமை திரும்ப இன்ஸ்டால் பண்ணிப் பாருங்க"ன்னு வருதுங்க. சாஃப்ட்வேரையே எடுத்துட்டு மறுபடி போடணுமா?

வேண்டாங்க. அந்த மெசேஜ் விண்டோஸ் எல்லாத்துக்கும் பொதுவா சொல்றது, அதை நம்பி பில்லிங் சாஃப்ட்வேரை அன்இன்ஸ்டால் பண்ணிடாதீங்க, சில சாஃப்ட்வேர் எடுக்கறப்ப டேட்டா ஃபோல்டரையும் சேத்து எடுத்துட்டுப் போயிரும், வருஷக் கணக்கு எல்லாம் அதுலதான் இருக்கும்.

நடக்கறது இதுதான். கல்யாண வீட்டுக்காரங்க அண்டா குண்டா எல்லாம் சொந்தமா வாங்கறதில்ல, மண்டபத்துல இருக்கறதை எடுத்துப் பொழங்கிக்கறாங்க, அதே மாதிரி சி பிளஸ் பிளஸ்ல எழுதின ப்ரோக்ராம் எல்லாம் சில பொது வேலைங்களுக்கு மைக்ரோசாஃப்ட்டோட ரன்டைம் ஃபைல்களைத்தான் எடுத்துக்கும். அந்த ஃபைல் மெஷின்ல இல்லைன்னா ப்ரோக்ராம் தொறக்கவே தொறக்காது. ப்ரோக்ராம் நல்லாத்தான் இருக்கும், பொதுச் சாமான்தான் இல்ல, அதை மட்டும் போட்டா போதும்.

எந்த ஃபைல் காணோம்னா எந்த பேக்கேஜ் போடணும்?

பேருக்கு கடைசில இருக்கற நம்பரைப் பாருங்க, அதுலயே முக்கால்வாசி பதில் இருக்கு. 140ன்னு முடிஞ்சா (எம்எஸ்விசிபி140, விசிரன்டைம்140, எம்எஃப்சி140யு) விஷுவல் சி பிளஸ் பிளஸ் 2015ல இருந்து 2022 வரைக்கும் சேந்த ஒரே ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் பேக்கேஜ் (அந்த ரன்டைம் ஃபைலையெல்லாம் போட்டுத் தர்ற செட்டப்). 120ன்னா 2013, 110ன்னா 2012, 100ன்னா 2010, 90ன்னா 2008, 80ன்னா 2005. இதுல ஒன்னை வெச்சு இன்னொன்னை ஈடுகட்ட முடியாதுங்க. 2022 புதுசுதானே, அது பழசுக்கும் சேத்து வேலை செய்யும்னு நெனைக்கறாங்க, செய்யாது, 2010ஐ கேக்கற ப்ரோக்ராமுக்கு 2010தான் வேணும். 2015க்கு அப்புறம் வந்தது மட்டும்தான் ஒன்னுக்குள்ள ஒன்னு அடங்கும்.

விசிரன்டைம்140க்கு அப்புறம் ஒரு அண்டர்ஸ்கோர் 1 இருந்தா கவனிங்க, அது 2019ல புதுசா சேத்த ஃபைல், 64 பிட்டுக்கு மட்டும் உண்டு. அதனால 2015ஓ 2017ஓ போட்டு வெச்சிருக்கற மெஷின்ல 140 எல்லாம் இருக்கும், இந்த ஒன்னு மட்டும் இருக்காது. புது பேக்கேஜை அது மேலயே போட்டா சரியாயிரும்.

டி3டிஎக்ஸ்9_43, எக்ஸ்இன்புட்1_3 மாதிரி பேரு வந்தா அது டைரக்ட்எக்ஸ் (விண்டோஸ்ல கேம், படம் காட்டறதுக்கான பகுதி) சமாச்சாரம், சி பிளஸ் பிளஸ் எத்தனை போட்டாலும் தீராது. விண்டோஸ் 11லயே டைரக்ட்எக்ஸ் 12 இருக்கேன்னு கேப்பீங்க, இருக்கு, ஆனா அந்தப் பழைய 9ஓட துணை ஃபைலெல்லாம் அதுல வராது, மைக்ரோசாஃப்ட் ஜூன் 2010ல விட்ட டைரக்ட்எக்ஸ் எண்ட் யூசர் ரன்டைம்தான் போடணும்.

எல்லாம் போட்டாச்சுங்க. ரீஸ்டார்ட்டும் பண்ணியாச்சு. அதே ஃபைல் காணோம்னு மறுபடியும் வருதே?

பத்துல எட்டு மெஷின்ல காரணம் 32 பிட், 64 பிட் மாத்திப் போட்டதுதான், இதைக் கொஞ்சம் பொறுமையா படிங்க.

ரன்டைம் பேக்கேஜ் எக்ஸ்86ன்னு ஒன்னு (32 பிட்), எக்ஸ்64ன்னு ஒன்னு (64 பிட்), ரெண்டு தனித்தனி ஃபைலா வருது. உங்க விண்டோஸ் 64 பிட்டுங்கறதால எக்ஸ்64 மட்டும் போட்டுட்டு நிறுத்திடறீங்க. ஆனா எது வேணுங்கறதை தீர்மானிக்கறது விண்டோஸ் இல்லீங்க, ப்ரோக்ராம்தான். இங்க பொழங்கற பழைய பில்லிங் சாஃப்ட்வேர், எம்ப்ராய்டரி டிசைன் சாஃப்ட்வேர், சம்பளக் கணக்கு சாஃப்ட்வேர்ல பாதிக்கு மேல இன்னும் 32 பிட்டுதான். 32 பிட் ப்ரோக்ராம் 64 பிட் டிஎல்எல்லை தொடவே முடியாது, பக்கத்துலயே இருந்தாலும் அதுக்கு இல்லாத மாதிரிதான்.

அதனால 64 பிட் விண்டோஸா இருந்தா ரெண்டையும் போட்ருங்க, ரெண்டும் ஒன்னுக்கொன்னு எடைஞ்சல் பண்ணாது. 32 பிட் விண்டோஸா இருந்தா எக்ஸ்86 மட்டும்தான் ஏறும்.

போட்டது வந்து உக்காந்துச்சான்னு கண்ணால பாக்கணும்னா சி ட்ரைவ்ல விண்டோஸ் ஃபோல்டரைத் தொறங்க. உள்ள சிஸ்டம்32னு ஒன்னு, சிஸ்வாவ்64னு ஒன்னு இருக்கும். பேரைப் பாத்தா தலைகீழாத் தோணும், ஆனா 64 பிட் ஃபைல் இருக்கறது சிஸ்டம்32ல, 32 பிட் ஃபைல் இருக்கறது சிஸ்வாவ்64ல. ரெண்டுலயும் எம்எஸ்விசிபி140 இருக்கான்னு தேடுங்க, ஒன்னுல இருந்து இன்னொன்னுல இல்லைன்னா எந்த பேக்கேஜ் விட்டுப்போச்சுன்னு அப்பவே தெரிஞ்சிரும். அதுக்காக ஒன்னுல இருந்து காப்பி பண்ணி இன்னொன்னுல போட்றாதீங்க, பேரு ஒன்னா இருந்தாலும் ஃபைல் வேற. ப்ரோக்ராம் எந்த வகைன்னு தெரியணும்னா, அது ப்ரோக்ராம் ஃபைல்ஸ்ல எக்ஸ்86னு போட்ட ஃபோல்டர்ல இன்ஸ்டால் ஆகியிருந்தா பெரும்பாலும் 32 பிட்.

நெட்ல டிஎல்எல் பேரைப் போட்டா ஃபைலை மட்டும் டவுன்லோட் பண்ணுங்கன்னு நிறைய சைட் வருது. எடுத்து சிஸ்டம்32ல போட்டா முடிஞ்சுதுல்ல?

பண்ணாதீங்க. இந்தப் பக்கத்துல வேற எதையும் படிக்கலைன்னாலும் பரவால்ல, இதை மட்டும் மனசுல வெச்சுக்கங்க.

டிஎல்எல்ங்கறது சும்மா ஒரு டேட்டா ஃபைல் இல்ல, அதுவும் ஓடற ப்ரோக்ராம்தான். யாரோ ஏத்தி வெச்ச ஃபைலை நீங்களே அட்மின் பாஸ்வேர்டு குடுத்து விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள வெக்கறீங்க, அதுக்குள்ள என்ன இருக்குன்னு உங்களுக்கும் தெரியாது எனக்கும் தெரியாது. பேங்க் வேலையும் ஜிஎஸ்டியும் அதே மெஷின்லதானே பாக்கறீங்க.

ஃபைல் சுத்தமானதாவே இருக்குன்னு வெச்சுக்குவோம், அப்பவும் பிரச்சினை தீராது. ஒரு எம்ப்ராய்டரி யூனிட்ல பாத்தது சொல்றேன், எம்எஸ்விசிபி140 காணோம்னு வந்திருக்கு, அந்தத் தம்பி நெட்ல எடுத்து சிஸ்டம்32ல போட்டுட்டாப்ல, உடனே விசிரன்டைம்140 காணோம்னு வந்திருக்கு, அதையும் எடுத்துப் போட்டாப்ல, அப்புறம் அண்டர்ஸ்கோர் 1, அதையும் போட்டாப்ல, கடைசியா ஃபைல் காணோங்கறது போயி 0எக்ஸ்சி000007பின்னு ஒரு நம்பர் மட்டும் வந்து நின்னுருச்சு. போட்டதுல ஒன்னு 32 பிட், ஒன்னு 64 பிட், வெர்ஷனும் ஆளுக்கொன்னு. அந்த ரன்டைம் ஒரு குடும்பமா வர்ற ஃபைலுங்க, ஒன்னை மட்டும் தனியா பிச்சு எடுத்தா ஒத்துப்போகாது. கையால போட்ட ஃபைல் அப்டேட்டும் ஆகாது. மைக்ரோசாஃப்ட் சைட்ல அந்த முழு பேக்கேஜும் காசில்லாமத்தான் குடுக்கறாங்க, எக்ஸ்64 பேக்கேஜே 25 எம்பி கிட்டத்தான் வரும், அப்புறம் எதுக்குங்க இந்த அக்கப்போர்.

டவுன்லோட் பண்ணினது மைக்ரோசாஃப்ட்டோடதுதானான்னு சந்தேகம் இருந்தா ஓட்டறதுக்கு முன்னாடி ஃபைல் மேல ரைட் கிளிக் பண்ணி ப்ராப்பர்ட்டீஸ் போங்க, டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்னு ஒரு டேப் இருக்கும், அதுல மைக்ரோசாஃப்ட் கார்ப்பரேஷன்னு இருக்கணும். அந்த டேப்பே இல்லைன்னா ஃபைலை அழிச்சிருங்க.

எங்கிட்ட அந்த 0எக்ஸ்சி000007பிதான் வருது. இனி என்ன பண்றது?

அந்த நம்பருக்கு ஃபைல் இருக்கு, ஆனா வகை சேரலைன்னு அர்த்தம், 64 பிட் ப்ரோக்ராம் தேடிப் போன எடத்துல 32 பிட் டிஎல்எல் உக்காந்திருக்கு, இல்ல அதுக்கு நேரெதிர். மொதல்ல நீங்களோ வேற யாரோ கையால காப்பி பண்ணிப் போட்ட ஃபைலை எல்லாம் எடுங்க, சிஸ்டம்32, சிஸ்வாவ்64, ப்ரோக்ராமோட சொந்த ஃபோல்டர் மூணுலயும் பாருங்க. அப்புறம் கன்ட்ரோல் பேனல்ல ப்ரோக்ராம்ஸ் அண்ட் ஃபீச்சர்ஸ் போயி விஷுவல் சி பிளஸ் பிளஸ் வரியைத் தொட்டு சேஞ்ச் குடுத்தா ரிப்பேர்னு ஒரு பட்டன் வரும், எக்ஸ்86க்கு ஒரு வெசை, எக்ஸ்64க்கு ஒரு வெசை குடுங்க. வரிசை முக்கியம்ங்க, தப்பான ஃபைலை எடுக்காம ரிப்பேர் குடுத்தா சில சமயம் அது அந்த ஃபைலைத் தொடாமயே விட்டுட்டுப் போயிரும்.

ரன்டைம் புதுசு, சிஸ்டம்32லயும் சரியா இருக்கு, ஆனா ப்ரோக்ராம் எம்எஸ்விசிபி140லயே கிராஷ் ஆகுதுன்னு ஈவன்ட் வியூவர்ல (விண்டோஸ் எரரைக் குறிச்சு வெக்கற எடம்) காட்டுது?

ப்ரோக்ராம் இன்ஸ்டால் ஆன ஃபோல்டருக்குள்ள அதே பேர்ல ஒரு பழைய காப்பி இருக்கான்னு பாருங்க. விண்டோஸ் டிஎல்எல் தேடறப்ப மொதல்ல ப்ரோக்ராம் இருக்கற ஃபோல்டர்லதான் பாக்கும், அங்க கெடைச்சா சிஸ்டம்32 பக்கமே போகாது. விஷுவல் ஸ்டுடியோ (ப்ரோக்ராம் எழுதறவங்க பொழங்கற மைக்ரோசாஃப்ட் சாஃப்ட்வேர்) 2022ல 17.10 வந்தப்ப மியூடெக்ஸ்ங்கற ஒரு உள்பகுதியை மாத்திட்டாங்க, அதுக்கப்புறம் கம்பைல் பண்ணின ப்ரோக்ராம் பழைய எம்எஸ்விசிபி140ஓட மாட்டுனா அப்படியே விழுந்துரும். அந்தப் பழைய காப்பிக்கு பேரை மாத்தி வெச்சுட்டு தொறந்து பாருங்க, ஓடுச்சுன்னா அதுதான் காரணம். அழிக்க வேண்டாம், பேரை மட்டும் மாத்துங்க.

ஆபீஸ்ல இன்னும் விண்டோஸ் 7தான். ஏபிஐ-எம்எஸ்-வின்-சிஆர்டி-ரன்டைம்னு நீளமா ஒரு பேரு காணோங்குது.

அது யுனிவர்சல் சிஆர்டின்னு சொல்ற, ரன்டைமுக்கே அடித்தளமா இருக்கற ஃபைலுங்களோட பகுதி. விண்டோஸ் 10ல இருந்து அது விண்டோஸ் கூடவே வந்துருது, 7லயும் 8.1லயும் தனியா அப்டேட்டா போடணும், நம்பர் கேபி2999226. 7ல சர்வீஸ் பேக் 1 இல்லைன்னா அந்த அப்டேட் ஏறாது, ரன்டைமும் 0எக்ஸ்80240017னு சொல்லி பாதியில நின்னுரும். அதனால மொதல்ல சர்வீஸ் பேக் 1, அப்புறம் கேபி2999226, அப்புறம் ரன்டைம், இந்த வரிசையிலயே போங்க. இந்த ஏபிஐ ஃபைலுங்களை ஒவ்வொன்னா தேடி எடுக்கவே கூடாது, டஜன் கணக்குல இருக்கு.

விண்டோஸ் 7க்கு சப்போர்ட் 2020 ஜனவரி 14ஓட முடிஞ்சுபோச்சு. மெஷின் விக்கற விலையில மாத்துங்கன்னு சொல்றது சுலபம், பட்டறை வெச்சு நடத்தறவங்களுக்கு அதுல இருக்கற கஷ்டம் தெரியும், ஆனா அந்த மெஷின்ல பேங்க் வேலை மட்டுமாவது பாக்காதீங்க.

ரெஜ்எஸ்விஆர்32 போட்டு ரிஜிஸ்டர் பண்ணினா சரியாகும்னு ஒருத்தர் சொன்னாரே?

ரெஜ்எஸ்விஆர்32ங்கறது ஒரு ஃபைலை விண்டோஸ்ல பதிவு பண்ற கமாண்டு. மேல சொன்ன சி பிளஸ் பிளஸ் ஃபைலுக்கெல்லாம் அது செல்லாது, லோட் ஆச்சு ஆனா டிஎல்எல்ரிஜிஸ்டர்சர்வர் இல்லைன்னு ஒரு பதில் வரும், அது எரரும் இல்ல தீர்வும் இல்ல, அந்த ஃபைலை ரிஜிஸ்டர் பண்ற வேலையே கெடையாது.

ஆனா ஒரு எடத்துல அது நெசமாவே வேணும். விஷுவல் பேசிக் 6ல எழுதின பழைய பில்லிங் ப்ரோக்ராம் இன்னும் எத்தனையோ நூல் கடையில, மஞ்சள் மண்டியில ஓடிட்டிருக்கு. அதைப் புது மெஷின்ல காப்பி பண்ணி வெச்சா எம்எஸ்காம்சிடிஎல்.ஓசிஎக்ஸ் சரியா ரிஜிஸ்டர் ஆகலைன்னு வரும். விபி6ஓட அடிப்படை ரன்டைம் எம்எஸ்விபிவிஎம்60 விண்டோஸ்லயே இருக்கு, இந்த ஓசிஎக்ஸ் ஃபைலுங்கதான் (ஸ்கிரீன்ல லிஸ்ட், டூல்பார் மாதிரி காட்டற துணை ஃபைல்) இருக்காது. ப்ரோக்ராமோட பழைய செட்டப் சிடில இருந்து அந்த ஓசிஎக்ஸை எடுத்து, 64 பிட் விண்டோஸா இருந்தா சிஸ்வாவ்64ல வெச்சு, கமாண்ட் ப்ராம்ப்ட்டை ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்ல தொறந்து, சிஸ்வாவ்64 ஃபோல்டருக்குள்ள போயி அங்க இருக்கற ரெஜ்எஸ்விஆர்32ஐ வெச்சே ரிஜிஸ்டர் பண்ணுங்க. அட்மின் குடுக்காம சாதாவா தொறந்தீங்கன்னா 0எக்ஸ்80004005னோ 0எக்ஸ்8002801சின்னோ வந்து நிக்கும். சிடில இருக்கற செட்டப் ஓடற நெலமையில இருந்தா இன்னும் நல்லது, முழு செட்டப்பையே ஓட்டிருங்க, எல்லாத்தையும் அதுவே பண்ணிக்கும்.

பேருக்கு கடைசில 140டின்னு வருது. டி போட்ட பேக்கேஜ் எங்கயுமே கெடைக்கல.

கெடைக்காதுங்க. எம்எஸ்விசிபி140டி, விசிரன்டைம்140டி, யுசிஆர்டிபேஸ்டி எல்லாம் டீபக் (ப்ரோக்ராம்ல தப்பு கண்டுபிடிக்கற) ஃபைலுங்க, ப்ரோக்ராம் எழுதறவங்க மெஷின்ல விஷுவல் ஸ்டுடியோ கூட மட்டும்தான் இருக்கும், வெளிய குடுக்க மைக்ரோசாஃப்ட் லைசென்ஸ்ல எடமில்ல. உங்களுக்கு எழுதிக் குடுத்தவர் டீபக் பில்டை அப்படியே பென் டிரைவ்ல போட்டுக் குடுத்துட்டார்னு அர்த்தம், அவருக்கே ஃபோன் பண்ணி "ரிலீஸ் பில்ட் குடுங்கண்ணா"ன்னு கேளுங்க. உங்க பக்கம் பண்றதுக்கு ஒன்னுமே இல்ல.

பில்லு எல்லாம் போட முடியுது, ப்ரின்ட் குடுத்தா மட்டும் கிரிஸ்டல்டிசிஷன்ஸ் லோட் ஆகலைன்னு வருது.

கிரிஸ்டல் ரிப்போர்ட்ஸோட ரன்டைம் உங்க மெஷின்ல இல்ல. அது பில்லு, ரிப்போர்ட் தயார் பண்ற சாஃப்ட்வேர், எஸ்ஏபி கம்பெனியோடது. இதுலயும் அதே கதைதான், பில்லிங் ப்ரோக்ராம் 32 பிட்டா இருந்தா 32 பிட் ரன்டைம் போடணும், மெஷின் 64ங்கறதைப் பாக்கக்கூடாது. வெர்ஷனும் எழுதினவர் வெச்ச வெர்ஷனாவே இருக்கணும், அவர்கிட்டயே கேட்டு வாங்கிக்கங்க.

டாட்நெட் 3.5 கேக்குது, ஆன் பண்ணினா 0எக்ஸ்800எஃப்081எஃப்னு வந்து நிக்குது.

டாட்நெட்டும் மைக்ரோசாஃப்ட்டோட இன்னொரு ரன்டைம்தான், 4.8 இருந்தாலும் 3.5 தனியா வேணும், ஒன்னு இன்னொன்னுக்கு ஈடாகாது. அந்த நம்பர் வந்தா விண்டோஸுக்கு 3.5ஓட ஃபைல் எங்கயும் கெடைக்கலைன்னு அர்த்தம். உங்க விண்டோஸ் வெர்ஷனோடயே ஒத்துப்போற இன்ஸ்டால் பென் டிரைவை சொருகி, அது டி ட்ரைவ்னா அட்மின் கமாண்ட் ப்ராம்ப்ட்ல இப்படி அடிங்க: டிஸ்ம் /ஆன்லைன் /எனேபிள்-ஃபீச்சர் /ஃபீச்சர்நேம்:நெட்எஃப்எக்ஸ்3 /ஆல் /சோர்ஸ்:டி:\சோர்சஸ்\எஸ்எக்ஸ்எஸ் /லிமிட்ஆக்சஸ். நெட் மெதுவா இருக்கற ஊர்ல இதுதான் சீக்கிரம் ஆகும்.

ரன்டைம் செட்டப்பே ஏறலைங்க, 0எக்ஸ்80070666னு வருது.

அதைவிடப் புது வெர்ஷன் ஏற்கனவே மெஷின்ல இருக்கு, அவ்ளோதான். நீங்க எடுத்து வெச்சிருக்கறது பழைய செட்டப். மைக்ரோசாஃப்ட் சைட்ல இப்ப இருக்கறதை எடுத்துப் போடுங்க, இல்ல இருக்கறதையே ரிப்பேர் குடுங்க.

ப்ரோக்ராம்ஸ் லிஸ்ட்ல விஷுவல் சி பிளஸ் பிளஸ்னு வரிசையா நிக்குது, எடத்தை அடைக்குதே, எடுத்துரலாமா?

எடுக்காதீங்க. ஒவ்வொன்னையும் ஏதோ ஒரு ப்ரோக்ராம் நம்பி இருக்கு, எது எதை நம்பி இருக்குன்னு லிஸ்ட்ல காட்டாது. மெஷினை க்ளீன் பண்றேன்னு யாராச்சும் இதை எடுத்துட்டுப் போன அடுத்த நாள்தான் பாதிப் பேரு ஃபோன் பண்றாங்க.

எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் ஓட்டினேன், எல்லாம் சரியா இருக்குங்குது, எரர் மட்டும் போகல.

எஸ்எஃப்சி பாக்கறது விண்டோஸோட சொந்த ஃபைலை மட்டும்தான். எம்எஸ்விசிபி140 விண்டோஸோடது இல்ல, வெளிய இருந்து வந்தது, அதனால அது காணாமப் போனாலும் எஸ்எஃப்சிக்கு தெரியாது. விண்டோஸ் ஃபைலே காணோம்னு வந்தா (யுசிஆர்டிபேஸ், கெர்னல்32 மாதிரி) அப்ப ஓட்டுங்க, 10லயும் 11லயும் மொதல்ல டிஸ்ம் /ஆன்லைன் /க்ளீனப்-இமேஜ் /ரெஸ்டோர்ஹெல்த், அது முடிஞ்ச பொறகு எஸ்எஃப்சி /ஸ்கேன்நவ்.

போட்டா சரியாகுது, ரெண்டு நாள்ல மறுபடி அதே ஃபைல் காணோம்.

ஆன்டிவைரஸ் எடுத்துட்டுப் போகுது. விண்டோஸ் செக்யூரிட்டில ப்ரொடெக்ஷன் ஹிஸ்டரி தொறந்து குவாரன்டைன்ல (அது பிடிச்சு ஒதுக்கி வெச்ச எடம்) என்ன இருக்குன்னு பாருங்க. அது ப்ரோக்ராமோட சொந்த டிஎல்எல்லா இருந்து, ப்ரோக்ராமை காசு குடுத்து முறையா வாங்கியிருந்தா, கம்பெனிக்காரங்களைக் கேட்டுட்டு அந்த ஃபைலை அலவ் பண்ணலாம். கிராக் போட்ட டிசைன் சாஃப்ட்வேரா இருந்தா ஆன்டிவைரஸ் சொல்றதைக் கேளுங்க, அதை நிறுத்தி வெக்கச் சொல்ற எவர் பேச்சையும் கேக்காதீங்க.

மில்லு உள்ள நெட் கனெக்ஷனே கெடையாது. முன்கூட்டியே என்னென்ன எடுத்து வெச்சுக்கலாம்?

ஒரு பென் டிரைவ்ல 2005ல இருந்து 2013 வரைக்கும் ஒவ்வொரு விஷுவல் சி பிளஸ் பிளஸ்லயும் எக்ஸ்86, எக்ஸ்64 ரெண்டும், அப்புறம் 2015-2022 ரெண்டும் எடுத்து வெச்சுக்கங்க, இதெல்லாம் முழு செட்டப், நெட் கேக்காது. டைரக்ட்எக்ஸ்ல கவனம், வெப் இன்ஸ்டாலர்னு சின்னதா ஒன்னு இருக்கு, அது நெட் இல்லாம ஓடாது, ஜூன் 2010ன்னு போட்ட 95 எம்பி கிட்ட வர்ற பெரிய ஃபைலை எடுங்க. அதை ஓட்டினா எந்த ஃபோல்டர்ல பிரிச்சு வெக்கறதுன்னுதான் கேக்கும், பிரிச்ச பொறகு அந்த ஃபோல்டருக்குள்ள டிஎக்ஸ்செட்டப்புனு இருக்கறதை தனியா ஓட்டணும், நிறையப் பேரு பிரிச்சதோட முடிஞ்சுதுன்னு மூடிடறாங்க. விண்டோஸ் 7 மெஷின் இருந்தா சர்வீஸ் பேக் 1, கேபி2999226 ரெண்டையும் சேத்துக்கங்க. சி பிளஸ் பிளஸ் 2015-2022 பேக்கேஜை மட்டும் அப்பப்ப புதுசா மாத்திக்கங்க, மத்ததெல்லாம் இனி மாறாது.